ஏழு தேசப்பனுக்கு ஏழு வில்லை

ஆளுக்கு ஒரு நம்பர் போடுகிற வேலையில் நம்பர் போடுவது சுலபம். இந்த 'ஆளுக்கு ஒரு' என்பதுதான் உயிரை வாங்கும்.

ரேஷன் கடையில், பால் சொசைட்டியில், ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிற ஜன்னலில் என்று எங்கேயாவது உட்கார்ந்து பேர் எழுதி நம்பர் போடுகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள். நானும் விட்டுக்கொண்டேதான் சொல்கிறேன்.

நான் எஸ்தர். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். படிப்பு ஆறாவது, அதுவும் அரைப்பரீட்சை வரைக்கும். இருபது வருஷத்துக்கு மேல் கூடையில் மீன் சுமந்து பொன்னேரி பஸ், அனுப்பம்பட்டு ரயில் என்று அலைந்து விற்றேன். மூட்டு போனது. கூடையை இறக்கிவைத்த கையில் மீனவர் சங்கத்துக்காரர்கள் ஒரு போனைக் கொடுத்தார்கள்.

காரணம் இருந்தது. முந்தின வருஷம் ஐப்பசியில் வாடைக்காற்று திடுக்கென்று எழும்பி, ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்கிட்டே ஒரு தோணி கவிழ்ந்தது. யார் வந்தாச்சு, யார் வரவில்லை என்று வீடு வீடாக ஓடிக் கேட்டு முடிப்பதற்குள் பொழுது போய்விட்டது. வராதவர் குப்புசாமி என்று தெரிந்தபோது தேடிப் போக வெளிச்சம் இல்லை. மறுநாள் காலையில் கரை ஒதுங்கினார்.

அதனால்தான் இந்தப் பதிவு. போகிறவர் பேரில் 'போனார்' என்று அழுத்தணும், திரும்பினால் 'வந்தார்'. போனவர் சிவப்பு, வந்தவர் பச்சை. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே ஒரு சிவப்பு பாக்கி இருந்தாலும் இரண்டு படகு தேடக் கிளம்பணும். பதிவு இருப்பது கிளவுட்டில். அது எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டராம். என் போன் ஏரியில் விழுந்தாலும் பதிவு விழாதாம். அப்படிச் சொன்னவர் பாஸ்கர் சார், சென்னையில் இருந்துகொண்டு இதை எங்களுக்குக் கட்டிக்கொடுத்தவர். நாற்பத்தைந்து வயசு இருக்கும், வயிற்றில் அல்சர். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எஸ்தரம்மா, ஒவ்வொரு ஆளையும் பிரிச்சுக் காட்ட ஒரு சாவி வேணும். ரெண்டு பேருக்கு ஒரே சாவி விழுந்தா, மிஷினுக்கு அவங்க ரெண்டு பேரும் ஒரே ஆளு. அடுத்த ஐப்பசிக்குள்ள நல்ல சாவியா ஒண்ணு கண்டுபிடிக்கணும்."

ஆதார் நம்பரைப் போட்டால் என்ன என்பீர்கள். நானும் கேட்டேன். அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சித்திரையில் தேட ஆரம்பித்தோம்.

பேரும் அப்பா பேரும்

முதலில் பேரையும் அப்பா பேரையும் சேர்த்துச் சாவியாக வைத்தார். எங்கள் கரையில் நின்று 'தேசப்பா' என்று கூப்பிட்டால் ஏழு தோணி திரும்பும். அதில் இரண்டு பேருக்கு அப்பா பேரும் எல்லப்பன். ஒரு எல்லப்பன் மேலத்தெரு, இன்னொரு எல்லப்பன் கோயில் பக்கம். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேலத்தெரு தேசப்பனைப் பதிந்தேன். கோயில் பக்கத்துத் தேசப்பனைப் பதிந்தேன். எண்ணிப் பார்த்தால் ஏழு தேசப்பனுக்கு ஆறுதான் இருக்கிறது. பின்னால் வந்தவர் முன்னால் வந்தவர் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். மிஷின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனுஷனாக இருந்தால் 'யோவ், ஆள் இருக்குது' என்றாவது சொல்லியிருப்பான்.

சரி, ஊரில் கூப்பிடுகிற பட்டப்பேரையும் சேர்ப்போம் என்றார் பாஸ்கர் சார். ரேடியோ தேசப்பன், மொட்டை தேசப்பன், இவர்களுக்கெல்லாம் ஆட்சேபணை இல்லை. கோயில் பக்கத்துத் தேசப்பனிடம் போகத்தான் எனக்குக் கால் வரவில்லை. அவருக்கு ஊர் வைத்த பேர் திருட்டுத் தேசப்பன். அவர் ஒரு இறாலைக்கூடத் திருடியவர் இல்லை. அவருடைய தாத்தா, வேறொருத்தர் வலை கட்டவேண்டிய முறைநாளில் இவர் போய் வலை போட்டுவிட்டார் என்று அந்தக் காலத்தில் பஞ்சாயத்தில் நிறுத்தினார்களாம். பேர் தாத்தாவோடு போகாமல் பேரன்வரை வந்துவிட்டது. போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வலையில் சிக்கின பாசியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "ஊரு கூப்ட்டுக்கட்டும்க்கா, பழகிப்போச்சு. மிஷினும் கூப்டணுமா?"

தண்ணியில் போன போன்

அடுத்தது போன் நம்பர். உலகத்தில் ஒரு நம்பர் ஒருத்தருக்குத்தான் என்றார் பாஸ்கர் சார். உலகத்தில் சரி. எங்கள் குப்பத்தில் ஒரு வீட்டுக்கு ஒன்று. அப்பா, மகன், மருமகன் மூன்று பேருக்கும் அதுதான். மகன் கரையேறினால் மூன்று பேரும் பச்சையாகிவிடுவார்கள். தனிப்போன் வைத்திருப்பவர்களையாவது முதலில் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். ஏரியில் இறங்கி வேலை செய்கிறவர்கள் போன் எத்தனை நாள் நனையாமல் இருக்கும்? விழும். புது சிம், புது நம்பர். மிஷினுக்கு அவர் புது ஆள். பழைய ஆள் போனவர் போனவர்தான், சிவப்பாகவே நின்றுகொண்டிருப்பார்.

அப்படித்தான் ஒருநாள் நாலு மணிக்கு ரேடியோ தேசப்பன் சிவப்பில் நின்றார். நான் கத்திக் கூப்பாடு போட்டு இரண்டு படகை அனுப்பினேன். படகுக்காரர்கள் முகத்துவாரம்வரை போய், சுற்றிப் பார்த்து, ஒருத்தரையும் காணோம் என்று திரும்பினார்கள். முதல் படகை ஓட்டிக்கொண்டு போனதே ரேடியோ தேசப்பன்தான். யாரைத் தேடப் போகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, அவசரத்தில் நானும் பேரைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து கரையில் என்னைப் பார்த்தால் சிரிப்பு. நாலு மணிக்கு யார் சிவப்பு என்று நான் சொன்னாலும், 'முதல்ல ஊட்டாண்ட போய்ப் பாத்துட்டு வாக்கா, அப்பால படகு எடுக்கலாம்' என்பார்கள். இந்தப் பேச்சை நீங்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ தேசப்பன் மட்டும் சிரிக்காமல் என் எதிரில் குந்திச் சொன்னார்: "எழுதிக்கக்கா. போன் தண்ணில பூட்ச்சு, தேசப்பன் பூடல."

நோட்டில் இருந்த நம்பர்

இது நான் சொன்ன யோசனை. அதனால் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சங்கத்தில் ஒரு நோட்டு உண்டு. அதில் எல்லார் பேரும் வரிசையாக, பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருக்கும். சண்டை சச்சரவு இல்லாத நம்பர். ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்கு வராது. "இத்தினி நாளா ஏன் சொல்லல எஸ்தரம்மா" என்று பாஸ்கர் சார் சந்தோஷப்பட்டார். செவ்வாய்க்கிழமை பூரா உட்கார்ந்து போனில் ஏற்றினேன்.

புதன்கிழமை காலையில் நோட்டைப் பார்த்தால் எல்லார் நம்பரும் மாறியிருந்தது. ஏன் மாறாது? அது பாட்டு நோட்டு. பாடு என்றால் ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்கிற முறை. நல்ல இடம் ஒருத்தருக்கே போகக்கூடாது என்று வைத்தது. இன்றைக்கு முதல் இடம் பிடித்தவர் நாளைக்குக் கடைசிக்குப் போவார், மற்றவர்கள் ஒரு படி மேலே ஏறுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் நம்பர் என்று ஒன்றைப் பார்த்ததும் அது ஆளோடு ஒட்டின நம்பர் என்று நினைத்துவிட்டேன். அது இடத்தோடு ஒட்டின நம்பர். மிஷினில் புதன்கிழமை ஒவ்வொருத்தரும் பக்கத்துவீட்டுக்காரராக மாறியிருந்தார்கள். போனில் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் மாத்திரை அட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "எஸ்தரம்மா, உங்க ஊர்ல மாறாதது எதுனா இருக்கா?"

இரண்டு நாற்பத்தொன்று

அப்புறம் மிஷினே வரிசையாக நம்பர் போடும் என்றார். நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்தொன்று, அவ்வளவுதான், இதில் என்ன கோளாறு வரும் என்றார். ஏரியில் சிக்னல் வரும், போகும். அது போன நேரத்தில் என் போன் கிளவுட்டைக் கேட்க முடியாமல், தன்னிடம் இருந்த கடைசி நம்பருக்கு அடுத்ததைப் போட்டது. பக்கத்துக் குப்பம் தோணிரேவில் என்னை மாதிரியே பதிகிற சகாயமேரியின் போனும் அதே நேரத்தில் அதையேதான் செய்தது. என் நாற்பத்தொன்று எங்கள் குப்பத்து மொட்டை தேசப்பன். அவள் நாற்பத்தொன்று தோணிரேவில் ஒரு பெரியவர்.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சந்தித்துக்கொண்டார்கள். சும்மா இருந்திருக்கலாம். நம்பர் வந்த பெருமையில் ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்லிக்கொண்டார்கள். டீ ஆறிப்போகிற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. மறுநாள் மொட்டை தேசப்பன் என் முன்னால் வந்து நின்று தீர்ப்புச் சொன்னார்: "அக்கா, நாப்பத்தொண்ணு நானு. அந்தாளு வேணும்னா நாப்பத்தொண்ணே காலுன்னு வெச்சிக்கட்டும்."

இடுப்பில் ஒரு வில்லை

ஆடி முடிந்து ஆவணி வந்துவிட்டது. பாஸ்கர் சார் ஒருநாள் தெளிவான குரலில் பேசினார். இனிமேல் மிஷின் யாரையும் கேட்காமல், தானாகவே கன்னாபின்னா என்று நீளமாக ஒரு நம்பரைக் கட்டிக்கொள்ளும். அதில் பேர் இல்லை, அப்பா பேர் இல்லை, போன் இல்லை, வரிசை இல்லை. அர்த்தமே கிடையாது. அர்த்தம் இல்லாததால் எது மாறினாலும் அது மாறாது. இரண்டு போனில் தனித்தனியாகப் போட்டாலும் மோதிக்கொள்ளாத அளவுக்கு நீளம். அதை யாரும் படிக்கவேண்டாம், ஞாபகம் வைக்கவேண்டாம். டீக்கடையில் காசு கட்ட ஸ்கேன் பண்ணுகிறோமே, அது மாதிரிக் கட்டம் போட்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லையில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம்.

வில்லையை எங்கே மாட்டுவது? சட்டைப்பை என்றால் தண்ணியில் இறங்குகிறவருக்குச் சட்டை ஏது. கையில் கட்டினால் வலை அறுக்கும். கடைசியில் அரைஞாண் கயிற்றில் கோத்தோம். கட்டின கயிற்றை எங்கள் ஆண்கள் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார்கள். எங்கள் சபைக்காரர்களில் சிலர் கழுத்துச் சிலுவையோடு சேர்த்துக்கொண்டார்கள். மழைக்கு முன்னால் எல்லாருக்கும் கொடுத்து முடித்தேன். பேஜார் பிடித்த வேலை. கூட்டுத்தொகை எட்டு வருமா என்று பார்த்துச் சொல் என்றவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ரேடியோ தேசப்பன், போனை இடுப்புக்கிட்டே கொண்டுபோகும்போதே ஒரு அடி பின்வாங்கினார்: "பாத்துக்கா. டீக்கடைக்கு நான் குட்க்கவேண்டியதை இங்கருந்து உருவிடப் போவுது."

நைனாவின் நம்பர்

புரட்டாசியில் எங்கள் குப்பத்துக் கன்னியப்பன் இறந்துபோனார். நுரையீரல் கோளாறு; ஏரிமேல் இல்லை, படுக்கையில். பதினாறாம் நாள் முடிந்ததும் மகன் ஏழுமலை அந்த வில்லையைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தான். கழுவித் துடைத்து வைத்திருந்தான். இதை என் பேருக்கு மாத்திக் கொடு அத்தை என்றான்.

அப்படி மாற்ற முடியாது, ஒருத்தருக்குப் போட்ட நம்பர் அவரோடு முடிந்தது, உனக்குப் புதுசு போடுகிறேன் என்றேன். பாஸ்கர் சார் எனக்கு ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்த பாடம் அது. செத்தவர் சாவியை உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்தால் பழைய பதிவெல்லாம் அவர் தலையில் விழும். ஏழுமலை சண்டை போடவில்லை. புது வில்லையை வாங்கிக்கொண்டான். பழசையும் துணியில் முடிந்துகொண்டான். படி இறங்கும்போது கேட்டான்: "நைனா பாடு எனக்கு வந்துச்சு. நைனா வலை வந்துச்சு. இது மட்டும் ஏன் அத்தை வர்ல?"

நியாயமான கேள்வி. அன்றைக்கே அதைப் பாஸ்கர் சாரிடம் சொல்லியிருக்கவேண்டும். எனக்கு மூட்டுவலி. போய்ப் படுத்துவிட்டேன்.

பச்சை

ஐப்பசி இரண்டாவது வாரம். காலையில் காற்று இல்லை. வரிசையாக வந்து நின்றார்கள். நான் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு இடுப்பாக ஸ்கேன் பண்ணினேன். கவனியுங்கள், ஒவ்வொரு இடுப்பாக. ஆவணிவரை நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். வில்லை வந்த பிறகு முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். 'பீப்' என்று சத்தம் வரும், பேர் வரும், அடுத்தவர். கோயில் பக்கத்துத் தேசப்பன் பேர் வந்தது. போனார் என்று அழுத்தினேன். 'சீக்கிரம்க்கா, லேட்டாவுது' என்று ஒரு குரல். குரல் தேசப்பனுடையது இல்லை என்று காதுக்குத் தெரிந்தது. காது சொன்னதை நான் வாங்கிக்கொள்ளவில்லை. மிஷின் சொன்னதை வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் வாடை எழும்பியது. தோணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஈரக்கையோடு வந்து நின்றவர்கள் எல்லாரையும் பச்சையாக்கினேன். நாலு மணிக்கு ஒரே ஒரு சிவப்பு: கோயில் பக்கத்துத் தேசப்பன். படகுக்காரர்களிடம் ஓடினேன். அவர்கள் சொன்னது நான் உங்களை ஞாபகத்தில் வைக்கச் சொன்ன அதே பேச்சுதான். முதலில் வீட்டில் போய்ப் பார். போனேன். கோயில் பக்கம், கூப்பிடு தூரம். கதவு திறந்திருந்தது. தேசப்பன் கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறார். அவர் மனைவி அஞ்சலை தண்ணி பிடிக்கப் போயிருந்தாள். எனக்குப் போன உயிர் வந்தது. கரையேறினபோது நான்தான் அழுத்த மறந்திருக்கிறேன் என்று நினைத்தேன். தூங்குகிறவரை எழுப்புவானேன். வாசலில் நின்றே 'வந்தார்' என்று அழுத்தினேன். சிவப்பு போய்விட்டது. படகுக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் சந்தோஷமாக முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அரைமணி நேரம் கழித்து தேசப்பன் போர்வையோடு கரைக்கு வந்தார். கண்ணெல்லாம் ஜுரம். "தம்பி வந்துட்டானாக்கா?" என்றார். அவர் தம்பி ஏகாம்பரம். போனைப் பார்த்தேன். ஏகாம்பரம் இன்றைக்குப் போகவே இல்லை என்று இருந்தது. "அவன் எங்க போனான், போவலியே" என்றேன். தேசப்பன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கமுடியவில்லை. "இன்னிக்கு என் பாடுக்கா. எனுக்கு முடியல. என் வில்லையைக் கட்டிக்கினு அவன்தான் போனான். தனியாப் போனான்."

அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தில் டீக்கடை காலியானது. இரண்டு படகு போனது. ரேடியோ தேசப்பன் முன்னால் போனார். அஞ்சலை குடத்தோடு வந்தவள் குடத்தை இறக்காமலே நின்றாள். தேசப்பன் மணலில் உட்கார்ந்து முகத்துவாரத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அழுத்தினேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் போர்வையை உதறிவிட்டுத் தண்ணி ஓரமாகப் போய் நின்றார்.

வெளிச்சம் பாக்கி இருந்தது. அது ஒன்றுதான் எங்களுக்கு அன்றைக்கு இருந்த புண்ணியம். தோணி கவிழ்ந்து போயிருந்தது. ஏகாம்பரம் சுத்துவலை கட்ட நட்டிருந்த கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மார்புத் தண்ணியில், அலை அடிக்கும்போதெல்லாம் வாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றிருந்தான். கொண்டுவந்து போட்டார்கள். உதடு நீலம். அஞ்சலை தேய்த்துவிட்டாள். பேச்சு வந்ததும் நான் அவனிடம் கேட்டது, கேட்டிருக்கக்கூடாத நேரத்தில், ஒன்றே ஒன்றுதான்: உன் வில்லை இருக்கும்போது அண்ணன் வில்லையை ஏன்டா கட்டினே? அவன் பல் அடிக்க அடிக்கச் சொன்னான்: "அண்ணன் பாட்டுக்கு என் வில்லையைக் கட்டிக்கினு போனா, அது கள்ளப் பாடு இல்லியாக்கா? எங்க ஊட்டுக்கு அந்தப் பேர் ஒரு வாட்டி வந்தது போதும்."

முறைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று

பாஸ்கர் சாரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டு வாசலில் நின்று நான் அழுத்தினதையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். மறுநாளே பஸ் பிடித்து நேரில் வந்துவிட்டார். முதல் தடவையாக அவரைப் பார்க்கிறேன். போனில் இருந்ததைவிட ஒல்லி. ஏகாம்பரம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். ஏழுமலை சொன்னதையும். கரையில் கல்லின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

ரெண்டு சாமானுக்கு ஒரே சாவி போட்டுட்டேன் எஸ்தரம்மா என்றார். நான் ஆளை எழுதினேன், உங்க ஊரு முறையை எழுதிக்கிட்டிருக்கு. ஆள் ஒண்ணு, முறை ஒண்ணு. ஆளை மாற்ற முடியாது, முறையை மாற்றலாம், கைமாற்றாகக் கொடுக்கலாம், அப்பாவிடமிருந்து வாங்கலாம். இதைச் சொல்லிவிட்டு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. பாட்டு நோட்டை அவரிடம் நீட்டினவள் நான்தானே.

இப்போது இரண்டு வில்லை. வெள்ளை வில்லை ஆளுக்கு, இடுப்பைவிட்டு இறங்கக்கூடாது. நீல வில்லை பாட்டுக்கு. வலையோடு இருக்கும், யார் அந்த முறைக்குப் போகிறாரோ அவர் எடுத்துக்கொண்டு போகலாம். காலையில் இரண்டையும் ஸ்கேன் பண்ணணும். அதற்கு முன்னால் நான் முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசவைத்துக் குரலையும் கேட்டுவிடுகிறேன். இது பாஸ்கர் சார் போட்ட விதி இல்லை, என்னுடையது. ஏழுமலைக்கு அவன் நைனா பாட்டு வில்லை கிடைத்தது. பழைய வெள்ளையையும் அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் திரும்பவும் கோயில் பக்கத்துத் தேசப்பனுக்கு உடம்பு சரியில்லை. தம்பியை அனுப்பிவிட்டுத் தானும் கரைக்கு வந்தார். போனில் என்ன வந்திருக்கு, படி என்றார். 'தேசப்பன் பாடு. சென்றவர் ஏகாம்பரம். சம்மதம் உண்டு' என்று படித்தேன். இன்னொரு வாட்டி படி என்றார். படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் தண்ணியைப் பார்த்துச் சொன்னார்: "எங்க தாத்தாவும் இப்டித்தான்க்கா ஒருத்தர் கேட்டுக்கினாருன்னு அவர் முறைக்குப் போனாரு. அப்ப எழுதி வெக்க ஆள் இல்ல."

ஆக, ஆளுக்கு ஒரு நம்பர், முறைக்கு ஒரு நம்பர் என்று போட்டு முடித்தாயிற்று. விடியலில் முக்காலி போட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற இந்த மூட்டுவலிக்காரிக்கு மட்டும் இன்னும் நம்பர் இல்லை, என்னை யாரோடும் குழப்பிக்கொள்ள வழியில்லையாம்.